முதலில் மேசை, பிறகு மெஷின்

வீட்டில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை போட ஆசைப்படுகிறவர்கள் கடையில் முதலில் வாங்குவது டிரில் மெஷின். அடுத்தது கட்டர். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலகையை எதில் வைத்துப் பிடிப்பது என்ற கேள்வி வரும். அப்போது கைக்குக் கிடைப்பது பிளாஸ்டிக் ஸ்டூலும் வாசற்படியும். மெஷின் வழுக்கிக் கையைக் கிழிப்பது அந்த இடத்தில்தான். ஆகவே இந்த அத்தியாயம் முடியும்வரை எந்த மெஷினும் வாங்க வேண்டாம். ஒரு கை டிரில் மட்டும் இருந்தால் போதும், அதையும் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

நம் பக்கத்து ஆசாரிமார் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இழைத்தவர்கள். அது சிறுவயதிலிருந்து பழகி வந்த உடம்புக்குக் கைவரும் வித்தை. முப்பது, நாற்பது வயதில் தொழில் பழகுகிறவருக்கு முதுகும் முழங்காலும் இடம் தராது. மரத்தை அசையாமல் பிடிக்கும் வேலையை மேசையிடம் விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் உளிக்கும் இழைப்புளிக்கும் கொடுப்பதே அவருக்குச் சரி. பாரிஸ் தச்சர் ஆந்த்ரே ரூபோ 1769 முதல் வெளியிட்ட தச்சு நூலில் வரைந்து காட்டிய மேசையின் இரண்டு குணங்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: தடித்த மேல்பலகை, மேல்பலகையின் முன்விளிம்போடு ஒரே நேராக நிற்கும் கால்கள்.

## இடம் பார்ப்பது

வாசுதேவநல்லூர் மாதிரி மலையடிவார ஊரில் இரண்டு பருவங்களை நினைத்து இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று தூசியையும் அவ்வப்போது சாரலையும் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. மேற்குப் பக்கம் சுவர் அடைத்திருக்கட்டும். வடக்கோ கிழக்கோ திறந்திருக்கட்டும். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், மரத்தில் போட்ட கோடு தெளிவாகத் தெரியும்.

மாடு இல்லாமல் சும்மா கிடக்கும் தொழு இருந்தால் அதைவிட நல்ல பட்டறை கிடையாது. அகலம் உண்டு, காற்று உண்டு, சத்தம் வீட்டுக்குள் வராது. தரையை மட்டும் சிமெண்ட் போட்டு மட்டப்படுத்துங்கள். தார்சாவில் போடுவதானால் 8 அடிக்கு 7 அடி இடமாவது வேண்டும். 6 அடி மேசைக்கு முன்னால் நீங்கள் நின்று நகர 3 அடி வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு. மொட்டை மாடித் தகரக் கொட்டகை வேண்டாம். சித்திரை வெயிலில் அதற்குள் மரமும் நிற்காது, ஆளும் நிற்க முடியாது.

## மரம் வாங்குவது

மேசையின் தரத்தில் பாதி இங்கேயே முடிவாகிவிடும்.

புது மரம் வாங்காதீர்கள். அறுத்துக் காற்றில் காயப்போட்ட மரம் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் எடுக்கும் என்பது பொதுக்கணக்கு. நமக்கு வேண்டியது 3, 4 அங்குலச் சட்டங்கள். அந்தத் தடிமனில் முழுக்கக் காய்ந்த புது மரம் கிடைப்பது அபூர்வம். பச்சை மரத்தில் செய்த மேசை முதல் கோடையிலேயே முறுக்கிக்கொள்ளும்.

இடித்த வீட்டுப் பழைய சாமான்தான் நமக்கு ஏற்றது. சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் என்று தென்காசிச் சாலை நெடுகப் பழைய ஓட்டு வீடுகளும் உத்திரம் போட்ட மச்சு வீடுகளும் இடிபட்டு கான்கிரீட் வீடுகளாகின்றன. கொல்லம்–செங்கோட்டை ரயில் 1904இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பும் பின்பும் ஆரியங்காவு வழியாக மலைக்கு அந்தப் பக்கத்து மரம் இங்கே வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் இந்த வீடுகளின் உத்திரத்தில் தேக்கையும் அயினியையும் பார்க்கலாம். ஊர் வேம்பும் இருக்கும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம். இனி முறுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

மரவாரியாக என் கருத்து:

- வேம்பு: முதல் மேசைக்கு நான் சொல்வது இதைத்தான். கனம் உண்டு, கரையான் சீக்கிரம் அண்டாது, தேக்கைவிட மலிவு. சில துண்டுகளில் நார் மாறி மாறி ஓடும், அங்கே இழைப்புளி பிய்க்கும்.
- தேக்கு, அயினி: பழைய சாமானில் வந்தால் யோசிக்காமல் எடுங்கள்.
- ரப்பர் மரம்: புனலூர்ப் பக்கமிருந்து வருவது. மருந்தேற்றிப் பதப்படுத்தியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.
- மா: கால், மேல்பலகை எதற்கும் வேண்டாம். வண்டு விழும்.
- பனை: பனங்கையின் கறுப்பு வைரம் இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் சிலாம்பு ஆழமாக ஏறும், இழைப்புக்கு வளைந்து கொடுக்காது. கீழ்த்தட்டு போடுவதானால் அதற்கு வைத்துக்கொள்ளலாம்.
- தென்னை: முதிர்ந்த மரத்தின் வெளிப்பக்கம் மட்டுமே கெட்டி, உள்ளே பஞ்சு. இந்த மேசைக்கு ஆகாது.

மலை மரம் மலிவாகத் தருகிறேன் என்று ஆள் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈட்டி மரத்துக்கென்றே தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டம் வந்தது. ரசீது இல்லாத மரத்தை வீட்டுக்குள் வைப்பது வம்பு.

### கடையில் பார்க்க வேண்டியது, வரிசையாக

1. சட்டத்தைத் தூக்கி ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையைப் பாருங்கள். வில் மாதிரி வளைந்தது பரவாயில்லை, இழைத்துக்கொள்ளலாம். இரண்டு முனையும் ஆளுக்கொரு திசையில் திரும்பியிருந்தால் தள்ளிவிடுங்கள்.
2. விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்கும் இடத்தில் உள்ளே உளுத்திருக்கும்.
3. சுவருக்குள் புதைந்திருந்த முனையைத் தனியாகப் பாருங்கள். கரையான் முதலில் தொடும் இடம் அது. திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கக் கூடாது.
4. பொடிப்பொடியாகத் துளைகள் இருந்து, தட்டும்போது புதுமாவு உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. அந்தத் துண்டு உங்கள் வீட்டுக்கு வரவே கூடாது.
5. ஒரு காந்தத்தைச் சட்டத்தின் நான்கு பக்கமும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். பழைய உத்திரத்தில் தலை ஒடிந்த ஆணி மரத்துக்குள் புதைந்து கிடக்கும். மேலே ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். காந்தம் இழுக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஆணியைப் பிடுங்கிய பிறகே ரம்பத்துக்கு அனுப்ப வேண்டும். அறுவை மில்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

எச்சரிக்கை: பழைய பெயிண்ட் அடித்த மரத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அறுவை மில்லில் அந்தப் பக்கத்தைச் சீவி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

### எவ்வளவு வேண்டும்

- மேல்பலகை: 4க்கு 3 அங்குலம், 6 அடி நீளம், 6 துண்டு
- கால்: 4க்கு 4, 3 அடி, 4 துண்டு
- நீளக் குறுக்குச்சட்டம்: 4க்கு 2, 4½ அடி, 2 துண்டு
- பக்கக் குறுக்குச்சட்டம்: 4க்கு 2, 2 அடி, 4 துண்டு

கூட்டினால் 5¼ கனஅடி. சேதாரம் சேர்த்து 6½ கனஅடி வாங்குங்கள். மில்லில், “அண்ணாச்சி, இழைப்புக்கு ஒரு நூல் சேர்த்து அறுங்க” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இந்தப் புத்தகத்திலும் துளை, உளி அளவெல்லாம் நூலில்தான் வரும். மேசை முடிந்ததும் 80 கிலோவுக்குக் குறையாது. அந்தக் கனம்தான் அதைத் தரையில் நிறுத்தி வைக்கும்.

## உயரம்

நேராக நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டை மடக்கி உள்ளங்கையைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். தரையிலிருந்து உள்ளங்கை வரை உள்ளதே உங்கள் மேசையின் உயரம். ஐந்தரை அடி ஆளுக்கு 31, 32 அங்குலம் வரும். செருப்புப் போட்டு வேலை செய்கிறவர் செருப்போடு அளக்க வேண்டும்.

சமையல் மேடை உயரத்துக்குச் செய்வது பலரும் செய்யும் தவறு. இழைக்கும்போது உடம்பின் பாரம் மேலிருந்து இறங்க வேண்டும். மேசை உயர்ந்துவிட்டால் தோள்தான் வேலை செய்யும், அரைமணி நேரத்தில் வலி எடுக்கும். சந்தேகமாக இருந்தால் ஓர் அங்குலம் கூடுதலாகவே செய்யுங்கள். காலை அறுத்துக் குறைக்கலாம். ஒட்டிக் கூட்ட முடியாது.

## செய்யும் வரிசை

முதலில் கால் சட்டங்கள், பிறகு நீளச் சட்டம், கடைசியில் மேல்பலகை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். மேல்பலகையை முதலில் ஒட்டிவிட்டு அதற்கேற்ப அடியைச் செய்யப் போனால் எல்லாம் கோணும்.

### அ. பக்கச் சட்டங்கள்

இரண்டு கால், அவற்றை இணைக்கும் இரண்டு குறுக்குச்சட்டம் சேர்ந்தது ஒரு பக்கம். இப்படி இரண்டு பக்கம் வேண்டும்.

1. நான்கு கால்களையும் ஒன்றாக அடுக்கி, முனைகளை மூலைமட்டத்தால் சரிபார்த்து, ஒரே கோடாகக் குறியுங்கள். தனித்தனியே அளந்தால் நான்கும் நான்கு அளவாகிவிடும். மேசை உயரத்தில் மேல்பலகையின் தடிமனைக் கழித்தது காலின் நீளம்.
2. காலில் குறுக்குச்சட்டம் இறங்கத் துளை போட வேண்டிய இடங்களைப் பேனாக்கத்தியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் உண்டு. கத்திக் கீறலில் உளியின் முனை தானாகவே உட்காரும்.
3. துளையின் அகலம் உங்கள் உளியின் அகலமே. 4 நூல் உளி போதும். ஆழம் 2 அங்குலம். டிரில்லால் வரிசையாகத் துளையிட்டு, மீதியை உளியாலும் கொட்டாப்புளியாலும் எடுங்கள்.
4. துளை முடிந்த பிறகே, அதில் இறங்கும் நாக்கைக் குறுக்குச்சட்டத்தின் முனையில் வெட்டுங்கள். கூடிப்போன துளைக்கேற்ப நாக்கைத் தடிப்பாக வைக்கலாம். முன்பே வெட்டிய நாக்கைத் தடிப்பாக்க வழியில்லை.
5. நாக்கு பாதிவரை கைப்பலத்தில் இறங்க வேண்டும். மீதி, கொட்டாப்புளியின் லேசான தட்டில். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளந்துவிடும். எங்கே இறுகுகிறதோ அங்கே மரம் பளபளத்திருக்கும். அந்த இடத்தை மட்டும் சீவுங்கள்.
6. பசையில்லாமல் ஒருமுறை முழுக்கக் கோத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும்.
7. பசை போட்டுக் கோத்து இறுக்குங்கள். ஈரம் தாங்கும் வகைப் பசை நம் பருவத்துக்கு நல்லது.

கிளாம்ப் வாங்கப் பணமில்லாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு, கிளாம்ப் இருந்தாலும் நான் இதையே சொல்வேன். காலில் 3 நூல் துளை ஒன்றை ஊடுருவப் போடுங்கள். நாக்கை உள்ளே விட்டு, துளையின் மையத்தை டிரில் முனையால் நாக்கில் குறித்து வெளியே எடுங்கள். நாக்கில் துளை போடும்போது அந்தக் குறியிலிருந்து அரை நூல், நாக்கு தொடங்கும் தோள்பக்கமாகத் தள்ளிப் போடுங்கள். மறுபடி கோத்து, முனை கூராக்கிய மூங்கில் முளையை அடித்து இறக்கினால், முளை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இடைவெளி மூடிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். பசை விட்டுப்போனாலும் இந்த இணைப்பு விடாது.

### ஆ. நீளச் சட்டங்கள்

இவற்றை ஒட்ட வேண்டாம், போல்ட்டு போடுங்கள். நம் பழைய வீடுகளின் நடை குறுகல். இறுகப் பூட்டிய ஆறடி மேசை தொழுவிலிருந்து பட்டாசாலுக்குக்கூட வராது.

1. கால்களுக்கு இடையே 4 அடி இருக்கும்படி சட்டத்தை வெட்டுங்கள். இரண்டு முனையிலும் அரை அங்குலத்துக்கு மட்டும் குட்டை நாக்கு விடுங்கள். சட்டம் சுழலாமல் அது பிடித்துக்கொள்ளும்.
2. பக்கத்தின் கீழ்க் குறுக்குச்சட்டத்துக்குச் சற்று மேலே இது வரட்டும். இரண்டு துளைகளும் காலுக்குள் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது.
3. காலின் வெளிப்பக்கமிருந்து சட்டத்தின் முனைக்குள் போகும்படி 4 நூல் துளை போடுங்கள். சட்டத்தின் உள்பக்கத்தில், முனையிலிருந்து 3 அங்குலம் தள்ளி, நட்டு உட்காரக் குழி வெட்டுங்கள்.
4. 8 அங்குல போல்ட்டு, இரண்டு பக்கமும் பெரிய வாஷர். ஸ்பேனரால் இறுக்குங்கள்.

ஆணி அடித்து முடித்துவிடலாமே என்று தோன்றும். இழைக்கும் ஒவ்வொரு தள்ளலும் மேசையை நீளவாக்கில் ஆட்டுகிறது. ஆணி ஒரே மாதத்தில் துளையை அகலப்படுத்திவிடும்.

### இ. மேல்பலகை

ஆறு சட்டங்களையும் ஒரே பலகையாக ஒட்டாதீர்கள். மும்மூன்றாக இரண்டு பலகை செய்து, நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். சாரல் காலத்தில் மரம் அகலவாக்கில் ஊதும், கோடையில் சுருங்கும். ஓரடி அகலப் பலகைக்கு ஒரு நூல் வரைக்கும் வித்தியாசம் வரலாம். அந்த ஆட்டத்தை இந்த இடைவெளி வாங்கிக்கொள்ளும். கிளாம்ப் விடவும் இடம் கிடைக்கும்.

1. ஒட்டும் பக்கங்களை இழைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் மெல்லிய கீற்று தெரிந்தால் பரவாயில்லை, கிளாம்ப் இழுத்துவிடும். முனைகளில் தெரியக் கூடாது.
2. முதல் நாள் இரண்டு துண்டு, மறுநாள் மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் ஒட்டப் போனால் பசையில் வழுக்கி ஏறி இறங்கும்.
3. அடிச்சட்டத்தின் மேல் வைத்து, முன்பலகையின் விளிம்பு காலின் முகத்தோடு ஒரே நேராக வருகிறதா என்று பாருங்கள். நீளமான பலகையின் பக்கவாட்டை இழைக்கும்போது, அதைக் காலோடு சேர்த்துக் கிளாம்ப் போட இது வேண்டும்.
4. அடியிலிருந்து கோச் ஸ்க்ரூ போடுங்கள். வெளிவிளிம்புப் பக்கம் இறுக்கமான துளை, நடு இடைவெளிப் பக்கம் நீள்துளை.
5. ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேடான இடங்களை முதலில் குறுக்காகவும் பிறகு நீளவாக்கிலும் இழையுங்கள்.
6. இரண்டு கை ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். வார்னிஷ் போட்டால் மரம் வழுக்கும்.

தீ எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்குங்கள்.

### ஈ. வைஸ்

7 அங்குலத் தச்சு வைஸ் ஒன்று. வலக்கைக்காரருக்கு மேசையின் முன்பக்கம் இடதுகோடி, இடக்கைக்காரருக்கு வலதுகோடி. இரும்புத் தாடைகளுக்கு உள்ளே அரை அங்குல மரப்பலகை வைத்துத் திருகுங்கள், வேலைப் பொருளில் தழும்பு விழாது. இப்போதைக்கு வாங்க முடியாவிட்டால், மேல்பலகையின் இடதுகோடியில் 6 நூல் துளைகள் இரண்டு போட்டு மரமுளை செருகுங்கள். பலகையை அதில் முட்டவைத்து இழைக்கலாம்.

கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு வையுங்கள். தரை ஈரமும் கரையானும் நேராக ஏறாது. சக்கரம் மாட்ட வேண்டாம், சுவரோடு சேர்த்து அடிக்கவும் வேண்டாம்.

## கரண்டும் வெளிச்சமும்

இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனிடம் விடுங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: பட்டறைக்குத் தனி 16 ஆம்பியர் பிளக், அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி. பிளக் பாயிண்ட் மேசை உயரத்துக்கு மேலே இருந்தால் ஒயர் காலில் தட்டாது. எல்இடி டியூப் இரண்டை மேசைக்கு முன்னும் பின்னும் மாட்டுங்கள். ஒன்று மட்டும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், வெட்டும் கோட்டில் உங்கள் நிழலே விழும்.

## உடம்பைக் காக்க

- வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, விட்ட பின்னல் எதுவும் சுழலும் மெஷின் பக்கம் போகக் கூடாது. கையுறையும் அப்படித்தான். டிரில் முனை அதைச் சுற்றிக்கொண்டு விரலையும் இழுக்கும்.
- உளியின் முன்னால் கை இருக்கவே கூடாது. மரத்தை வைஸ் பிடிக்கட்டும், இரண்டு கையும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும்.
- மொட்டை உளிதான் ஆபத்து. அழுத்தம் கூடும், வழுக்கும். 25 பாகை சாணை, 30 பாகை தீட்டல். முன்கை மயிரை வழித்தெடுத்தால் கூர் போதும்.
- நாலு அங்குல கிரைண்டரில் மரம் அறுக்கும் பல்பிளேடு மாட்டாதீர்கள். கடையில் விற்பார்கள், மாட்டியும் காட்டுவார்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் அந்த மெஷின், பல் சிக்கினால் கையைவிட்டுத் திமிறி முகத்துக்கு வரும். தச்சுக் கருவியாக அதை எண்ணவே வேண்டாம்.
- ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்ச் லாக்கிலேயே இருந்தால், கரண்ட் வந்ததும் மெஷின் மேசைமேல் தானாக ஓடும்.
- மரத்தூள் தும்மலோடு போய்விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. உப்புத்தாள் வேலைக்கு என்95 முகக்கவசம் கட்டாயம். கைத்துண்டு கட்டினால் மெல்லிய தூள் நிற்காது.
- கண்ணாடி, முதலுதவிப் பெட்டி, ஒரு வாளி மணல் மூன்றும் கதவருகே இருக்கட்டும். ஆழமான வெட்டென்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108ஐ அழையுங்கள்.

## மேசையில் முதல் வேலை

அறுப்புத் தாங்கி ஒன்று செய்யுங்கள். 10 அங்குலத்துக்கு 8 அங்குலப் பலகையின் மேல்முகத்தில், உங்களுக்கு எட்டத்து ஓரத்தில் ஒரு ரீப்பர் துண்டு. திருப்பிப் போட்டு அடிமுகத்தில், கிட்டத்து ஓரத்தில் ஒரு துண்டு. கிட்டத்துத் துண்டு மேசை விளிம்பைக் கொக்கி போட்டுப் பிடிக்கும், எட்டத்துத் துண்டில் மரத்தை முட்டவைத்து அறுக்கலாம். இரண்டையும் பசையும் மரமுளையும் கொண்டு பூட்டுங்கள். ரம்பம் படும் இடத்தில் ஆணி இருக்கக் கூடாது. அடுத்தது கொட்டாப்புளி. புளியங்கட்டையின் வைரத்தில் செய்தால் பல வருஷம் பிளக்காது.

பங்குனி வெயிலில் ஒருமுறையும் கார்த்திகை மழை விட்டதும் ஒருமுறையும் நீளச்சட்டத்தின் போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். முதல் வருஷம் கால் சுற்று, அரைச் சுற்று இறுகும். முதல் கோடை முடிந்ததும் மேல்பலகையில் மறுபடி ரசமட்டம் வைத்து, எழும்பிய இடத்தை ஒருமுறை இழைத்துவிடுங்கள்.